டிகிரி முதலா, விமானம் முதலா? கேப்டன் அனுபவம் எப்போது?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வாக்குவாதம் தொடங்கும். பைலட் ஆகப்போகிறேன் என்று பிள்ளை பிடிவாதமாக நிற்கும். கையில் ஒரு டிகிரி இருக்கட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் பற என்பார் அப்பா. நடுவில் அமெரிக்காவிலிருந்து ஒரு சித்தப்பா போன் போட்டு, டிகிரி இல்லாமல் பெரிய ஏர்லைனில் எடுக்கவே மாட்டார்கள், கேப்டனாக ஓட்டிய அனுபவமும் கேட்பார்கள் என்று சொல்லிவைப்பார். வணிக விமானி உரிமமான சிபிஎல்லுக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நேவிகேஷனும் வானிலையும் சொல்லித்தருகிறவன் நான். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

## சட்டம் என்ன கேட்கிறது

சிபிஎல் வாங்க, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பவை இவை: வயது 18, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி, 200 மணி நேரம் பறந்த கணக்கு. கல்லூரிப் பட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு வயது 21, பறந்த நேரம் 1,500 மணி. அதற்கும் படிப்பு பன்னிரண்டாம் வகுப்புதான். இங்குள்ள ஏர்லைன்கள் துணை விமானி வேலைக்கு விளம்பரம் செய்யும்போதும் பன்னிரண்டாம் வகுப்பைத்தான் கேட்கின்றன. சில நிறுவனங்கள் அதில் எடுத்த மதிப்பெண் சதவீதத்தையும் பார்க்கும்.

காமர்ஸ் படித்தவர்கள் தேசிய திறந்தவெளிப் பள்ளி வழியாக இயற்பியலையும் கணிதத்தையும் தனியாக எழுதி இந்தத் தகுதியை அடைகிறார்கள். இந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்ற யோசனை 2025-ல் பேசப்பட்டது. அதை நம்பிக் காத்திருக்காமல் எழுதிவிடுவது நல்லது.

சரி, சித்தப்பா சொன்னது எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் பெரிய ஏர்லைன்கள் நீண்ட காலம் நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்த்தன. டெல்டா அந்தக் கட்டாயத்தை 2022 ஜனவரியில்தான் எடுத்தது. அங்கே பட்டத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானத் துறை இளங்கலை முடித்தவர் 1,500 மணிக்குப் பதிலாக 1,000 மணியிலேயே துணை விமானியாகச் சேரலாம். அந்த ஊரில் பட்டம் 500 மணி நேரத்தை மிச்சப்படுத்தும். நம் ஊரில் அது ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காது.

கேப்டன் அனுபவம் பற்றிய குழப்பம் வேறு வகை. சிபிஎல்லுக்கான 200 மணியில் 100 மணி பிஐசியாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாளராக இருந்து பறந்திருக்க வேண்டும். செஸ்னா 172-ல் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறக்கும் நேரம் இது. ஏர்லைன் கேப்டன் வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டனாக எடுக்கும் விளம்பரங்களில் மட்டும் அந்த ரக விமானத்தில் இத்தனை மணி கமாண்ட் அனுபவம் (கேப்டனாக ஓட்டிய நேரம்) வேண்டும் என்று போடுவார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, சேருகிற எல்லோருக்கும் அது வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஆகவே, டிகிரி கட்டாயமா என்ற கேள்வி முடிந்துபோனது. டிகிரிக்குச் செலவழிக்கும் வருடங்கள் உங்கள் வீட்டுக்கு என்ன தருகின்றன, என்ன எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் மிச்சம். அதற்கு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது உடல். எந்த வழியில் போனாலும் முதல் வகுப்பு மருத்துவச் சான்று இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். முதலில் டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு பிஎம்ஆர் நம்பர் (உங்கள் மருத்துவப் பதிவின் எண்), அதன்பின் முதல் வகுப்பு. பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் பழைய ஏர்போர்ட் ரோட்டிலேயே இருக்கிறது. டெல்லியில் சுப்ரதோ பார்க்கில் இன்னொரு மையம் உண்டு. கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆக முடியாது என்பது தவறு. கண்ணாடியோடு பார்வை வரம்புக்குள் இருந்தால் போதும். ஆனால் நிறம் பிரித்தறியும் சோதனையில் தோற்றால் கதை அங்கேயே முடியலாம். அது 50 லட்சம் கட்டிய பிறகு தெரியவந்தால் தாங்க முடியாது.

இரண்டாவது பணம், குறிப்பாக, கடன் யார் தலையில் என்பது. மூன்றாவது காலம். நான்காவது, பறக்க முடியாமல் போனால் எதைக்கொண்டு பிழைப்பது.

காலத்தைப் பற்றிப் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏர்லைனில் எல்லாம் சீனியாரிட்டி. எந்த ஊரில் இருப்பது, எப்போது கேப்டன் ஆவது என எல்லாவற்றையும் வேலையில் சேர்ந்த தேதிதான் தீர்மானிக்கும். ஓய்வு வயது 65. மூன்று வருடம் தாமதமாகச் சேர்ந்தால் நாம் இழப்பது பயிற்சித் துணை விமானியின் சம்பளத்தை அல்ல. வாழ்க்கையின் கடைசியில் சீனியர் கேப்டனாக வாங்கியிருக்கக்கூடிய மூன்று வருடச் சம்பளத்தை. அதற்காக டிகிரி வீண் என்று சொல்லவில்லை. அதன் விலை கல்லூரி ஃபீஸ் மட்டும் அல்ல என்கிறேன்.

## வழி ஒன்று: பன்னிரண்டு முடித்ததும் பறக்கும் பள்ளி

இந்தியாவில் சிபிஎல் முடிக்க 40 முதல் 60 லட்சம் ரூபாய் வரை ஆகும். அதன்பின் ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737-க்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, தனியாக 15 முதல் 25 லட்சம். பள்ளி ஒன்றரை வருடத்தில் முடியும் என்று சொல்லும். மழைக்காலத்தில் பறப்பு நிற்கும். வட இந்தியப் பள்ளிகளில் பனிமூட்டம் டிசம்பரையும் ஜனவரியையும் தின்னும். விமானம் பராமரிப்புக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு, இரண்டரை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று வெளிநாடு போனால் பறப்பு வேகமாக முடியும். ஆனால் திரும்பி வந்து டிஜிசிஏ தேர்வுகளையும் உரிம மாற்றத்தையும் முடித்தால்தான் இங்கே வேலை.

இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் வரும். 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் வழங்கியது. அந்த ஆண்டு அதற்கு முன் இல்லாத உச்சம். விமானிகள் தட்டுப்பாடு என்று செய்தியில் வருவது பெரும்பாலும் கேப்டன்களுக்கான தட்டுப்பாடு. 200 மணியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தட்டுப்பாடே இல்லை. காத்திருக்கும் காலத்தில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விமானத்துக்கோ சிமுலேட்டருக்கோ பணம் கட்ட வேண்டும்.

கடனையும் பார்ப்போம். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பார்கள். நடைமுறையில் அது அப்பாவின் வீடு. 60 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 82 ஆயிரத்தைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஓடும் வட்டி இதில் சேரவில்லை. வேலை கிடைக்கும்வரை அந்தத் தவணையை யார் கட்டுவது என்பதைச் சேர்வதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

யாருக்கு ஏற்றது என்றால், மருத்துவச் சான்று கையில் இருந்து, இரண்டு வருடம் வேலை கிடைக்காவிட்டாலும் வீடு ஆட்டம் காணாது என்ற நிலை இருக்கிறவர்களுக்கு.

## வழி இரண்டு: முதலில் டிகிரி, அப்புறம் பறப்பு

கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. 2020-ல் கோவிட்டால் உலகமே தரையில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. நாற்பது வருட வேலையில் இப்படி இரண்டு மூன்று முறை நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். இது தவிர உடல். முப்பத்தைந்து வயதில் ஒரு இதயப் பிரச்சினையோ வலிப்போ வந்தால் மருத்துவச் சான்று போய்விடும். லைசென்ஸ் இருந்தும் பயனில்லை. அப்பாக்கள் பயப்படுவது சும்மா இல்லை.

ஆனால் எந்த டிகிரி என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெயருக்கு ஒரு டிகிரி வாங்கி, பதினைந்து வருடம் அதைத் தொடாமல் பறந்துவிட்டு, வேலை போனதும் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் யாரும் வேலை தரப்போவதில்லை. பாதுகாப்பு வேண்டும் என்றால் பிழைப்புக்கு உதவும் படிப்பாக இருக்க வேண்டும். கூடவே ஓரிரு வருடம் அந்த வேலையைச் செய்தும் இருக்க வேண்டும்.

பெங்களூரில் இதற்கு இயல்பான ஒரு பாதை உண்டு. பொறியியல் முடித்து, ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ மூன்று நான்கு வருடம் வேலை பார்த்து, கொஞ்சம் சேமித்துக்கொண்டு, இருபத்தாறு வயதில் கிரவுண்ட் கிளாஸுக்கு வருகிறவர்கள். இவர்களைச் சொல்லித்தருவது எனக்கு எப்போதும் சந்தோஷம். காற்று முக்கோணக் கணக்கை ஃப்ளைட் கம்ப்யூட்டர் என்ற வட்ட அளவுகோலில் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி வருகிறது என்று கேட்பார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை விடையை மனப்பாடம் செய்துகொண்டு போகும். காசு சொந்தக் காசு என்பதால் ஒரு வகுப்பைக்கூட விடமாட்டார்கள். கடனும் பாதியாகக் குறையும்.

இழப்பு என்ன? சீனியாரிட்டி ஏழெட்டு வருடம் போகிறது. ஏர்லைனே தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்களில் வயது வரம்பு இருக்கும். அந்த வயதில் திருமணம், பெற்றோரின் மருத்துவச் செலவு என்று வேறு பொறுப்புகளும் கூடவே வரும். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க மனம் வராமல் கனவையே கைவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

## வழி மூன்று: பறந்துகொண்டே டிகிரி

என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். ஆனால் இது இரண்டு வடிவில் வருகிறது. ஒன்று நல்லது. இன்னொன்றில் எச்சரிக்கை வேண்டும்.

நல்ல வடிவம்: பறக்கும் பள்ளியில் சேர்ந்துவிட்டு, இக்னோ போன்ற தொலைதூரப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்வது. மழைக்காலத்தில் விமானம் தரையில் நிற்கும்போது படிக்கலாம். செலவு மொத்தத்தில் ஒரு பொருட்டே இல்லை. காலமும் போவதில்லை. வெளிநாட்டில் குடியேற நினைத்தால் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் புள்ளிக் கணக்கில் பட்டம் சேரும். விமானத் துறையிலேயே பின்னாளில் பாதுகாப்பு, பயிற்சி, நிர்வாகம் என்று அலுவலகப் பக்கம் போகவும் கைகொடுக்கும். உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசு நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி போன்ற இடங்களில் பறப்புப் பயிற்சியோடு பிஎஸ்சி ஏவியேஷனும் சேர்ந்தே படிக்கும் ஏற்பாடு இருந்துவந்திருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு, போட்டி கடுமை.

எச்சரிக்கை வேண்டிய வடிவம்: பெயரில் மட்டும் ஏவியேஷன் இருக்கும் கல்லூரிப் படிப்பு. அல்சூரிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். கையில் பளபளப்பான ப்ராஸ்பெக்டஸ். அட்டையில் நான்கு கோடு போட்ட கேப்டன் சட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். அட்வான்ஸ் கட்ட மறுநாள் கடைசி நாள்.

"இதுல எத்தனை மணி நேரம் பறக்க விடுவாங்கன்னு எங்க போட்டிருக்குங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மகள் வாங்கிப் புரட்டினாள். கேபின் மாதிரி, சிமுலேட்டர் அறை, ஏர்போர்ட் சுற்றுலா எல்லாம் இருந்தன. மணி நேரம் என்று ஒரு எண் எங்குமே இல்லை.

"அப்ப இது முடிச்சா பைலட் ஆக முடியாதா சார்?"

"டிகிரி கிடைக்கும்மா. லைசென்ஸுக்கு மறுபடி முதல்லேருந்து தனியா கட்டணும்."

அந்த அம்மா ப்ராஸ்பெக்டஸை மடித்துப் பையில் வைத்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நகை அடகு வைத்திருந்தார்கள். நல்லவேளை, இன்னும் கட்டவில்லை.

விமான நிலைய நிர்வாகத்தில் வேலை வேண்டும் என்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட படிப்பில் தவறு ஒன்றும் இல்லை. பைலட் ஆக வேண்டும் என்றால் ஃபீஸ் தாளில் இரண்டு விஷயம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: எத்தனை பறப்பு மணி நேரம், எந்த டிஜிசிஏ அங்கீகாரப் பறக்கும் பள்ளியில். வாய்ச்சொல் வேண்டாம்.

## வழி நான்கு: ஏர்லைன் கேடட் திட்டம்

ஏர்லைன் தேர்வு வைத்து எடுத்து, தன்னோடு ஒப்பந்தம் உள்ள பள்ளிக்கு அனுப்பி, டைப் ரேட்டிங்வரை முடித்துத் தன்னிடமே சேர்த்துக்கொள்ளும் திட்டம் இது. செலவு ஒரு கோடியைத் தொடும், பல சமயம் தாண்டும். பன்னிரண்டாம் வகுப்பு போதும். வேலைக்காக அலையும் காலம் குறைகிறது என்பதுதான் அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் பொருள். தேர்வில் திறன் சோதனையும் நேர்காணலும் உண்டு. அதில் தேறாத பிள்ளைக்கு, தன்னிடம் எது குறை என்பது ஒரு கோடி செலவழிக்காமலே தெரிந்துவிடுகிறது. அதுவும் லாபம்தான்.

கொடுக்கும் கடிதம் நிபந்தனையோடு கூடியது என்பதைப் படித்துப் பாருங்கள். சந்தை சரிந்தால் சேர்க்கும் தேதி தள்ளிப்போகலாம். இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற பாண்டும் இருக்கும். அதோடு, டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி விலக ஆறு மாதமும் கேப்டன் விலக ஒரு வருடமும் முன்னறிவிப்பு தர வேண்டும்.

| வழி | பணச்சுமை | காலம் | பறக்க முடியாமல் போனால் |
|---|---|---|---|
| நேராகப் பறக்கும் பள்ளி | அதிகம், முழுக்கக் கடன் | மிகக் குறைவு, ஆனால் வேலைக்குக் காத்திருப்பு | பிடிமானம் இல்லை |
| டிகிரியும் வேலையும் முதலில் | சேமிப்பு பாதி தாங்கும் | பல வருடச் சீனியாரிட்டி இழப்பு | வலுவான பிடிமானம் |
| பறப்போடு தொலைதூர டிகிரி | முதல் வழியைவிடச் சற்றே கூடுதல் | இழப்பு இல்லை | ஓரளவு பிடிமானம் |
| கேடட் திட்டம் | மிக அதிகம் | குறைவு, காத்திருப்பும் குறைவு | டிகிரி சேர்த்தால்தான் பிடிமானம் |

## கேப்டன் அனுபவம்: எங்கே சேர்ப்பது

லைசென்ஸ் வாங்கியதும் நேராக ஏர்பஸ்ஸின் வலப்பக்க இருக்கை, அதாவது துணை விமானி வேலை, கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து ஒரு பறக்கும் பள்ளியில் கற்றுக்கொடுக்கலாம், அல்லது சிறிய சார்ட்டர் விமானங்களில் சேரலாம். ஜக்கூர் பக்கம் பெல்லாரி ரோட்டில் போகும்போது தலைக்கு மேல் சுற்றும் சிறிய விமானங்களில் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அந்த மாதிரிப் பயிற்றுநர்தான். பிஐசி மணி நேரம் அங்கே வேகமாகச் சேரும், சம்பளம் குறைவு. ஜெட் அனுபவம் சேராது. வேலைக்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட இது பல மடங்கு நல்லது என்பது என் கருத்து. மாணவன் தவறு செய்யும்போது எப்போது கையை வைப்பது, எப்போது விடுவது என்று தினமும் முடிவெடுப்பவருக்கு வேறு எந்த வகுப்பும் தராத நிதானம் வரும்.

மணி நேரக் கணக்கை மட்டும் வைத்து ஒரு விமானியை அளப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் என்ற சட்டம் வந்து, 2013-ல் அமலானது. ஆனால் அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்கும் அதைவிட அதிக மணி நேரம் இருந்தது. நமக்குப் பக்கத்திலேயே, மங்களூரில் 2010 மே 22 அன்று 158 பேர் இறந்த விபத்தில் கேப்டனுக்குப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் அனுபவம். பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவர் தூங்கியிருந்தார். இறங்கும் பாதை சரியில்லை, மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை பதிவு செய்கிறது. துணை விமானிகளாகப் போகும் என் மாணவர்களிடம் இந்த விபத்தை நான் விடாமல் பேசுவேன். கேப்டன் ஆன பிறகு வரும் பொறுப்பு என்று ஒன்று தனியாக இல்லை. வலப்பக்கம் உட்காரும் முதல் நாளிலேயே அது வந்துவிடுகிறது.

நடைமுறைக்கு வருவோம். இண்டிகோ 2023-ல் 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா அதே ஆண்டில் 470 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தன. கேப்டன் போதாமல் வெளிநாட்டவரைத் தற்காலிக அனுமதியில் அழைப்பது இங்கே நெடுநாள் பழக்கம். ஆகவே ஏற்கெனவே உள்ளே இருக்கும் துணை விமானிக்குக் கமாண்ட் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அந்த வாய்ப்பைத் தவறவிடுகிறவர்களில் பலர் பறப்பில் குறைந்தவர்கள் அல்ல. ஏடிபிஎல் எழுத்துத் தேர்வை அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டவர்கள். புத்தகம் கையைவிட்டுப் போவதற்குள், வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள்.

## என்னிடம் கேட்டால்

மருத்துவச் சான்று வந்து, டிஜிசிஏ தேர்வு எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி, பறக்கும் பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பே வானிலை, விதிமுறை ஆகிய இரண்டு தாள்களில் 70 சதவீதம் எடுத்துக் காட்டும் பிள்ளைக்கு மூன்றாவது வழி. ஐந்து தாளையும் எழுதிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. அந்த இரண்டு தாள்களுக்கு ஆகும் செலவு சொற்பம், ஆறு மாதம் போதும், பிள்ளையின் உறுதியும் அதிலேயே தெரிந்துவிடும்.

இருக்கும் ஒரே வீட்டை அடகு வைத்தால்தான் முடியும் என்ற குடும்பத்துக்கு இரண்டாவது வழி. அப்பா ஓய்வுபெற இன்னும் மூன்று நான்கு வருடம்தான் என்றால் கண்டிப்பாக அதுதான். பிள்ளை முகம் வாடும். வாடட்டும், ஆனால் கனவை மூட்டை கட்டச் சொல்லாதீர்கள். மருத்துவச் சோதனையை இப்போதே முடிக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் இருக்கும்போதே டிஜிசிஏ தாள்களுக்குப் படிக்கட்டும். வேலைக்குப் போய்ப் பாதிப் பணத்தைச் சேர்க்கட்டும். இருபத்தெட்டு வயதில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாலும் 65-க்கு இன்னும் 37 வருடம் இருக்கிறது.